திமிங்கலம் பேசும் நாவல்கள்: எது அறிவியல், எது கற்பனை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திமிங்கலத்தின் பேச்சைக் கணினி பிரித்துப் படிக்கும். விஞ்ஞானி கண்கலங்கித் திரையைப் பார்ப்பார். கடைசி அத்தியாயத்தில் திமிங்கலம் மனிதகுலத்துக்கு ஒரு எச்சரிக்கை சொல்லும். இந்த அச்சில் வார்த்த அறிவியல் புனைகதைகள் இப்போது நிறைய வருகின்றன. படித்து முடித்தவர்களுக்கும், இப்படி ஒன்றை எழுத உட்கார்ந்திருப்பவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. பதில்கள் அடிக்கடி கரீபியன் கடலில் உள்ள டொமினிக்கா என்ற சின்னத் தீவுக்கே போய்ச் சேரும். உண்மையான வேலையில் பெரும்பகுதி நடப்பது அங்கேதான்.

திமிங்கல மொழியை யாராவது படித்துவிட்டார்களா?

இல்லை. ஆராய்ச்சியாளர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்ளும்படி பொருள் சொல்லப்பட்ட ஒரு வாக்கியம்கூட இன்றுவரை கிடையாது. எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று அடையாளம் காட்டும் ஒலிகள் எவை என்பது வரை வந்திருக்கிறார்கள். அதுவே பெரிய விஷயம்தான். ஆனால் செய்தித் தலைப்புகளில் வரும் 'மொழிபெயர்ப்பு' இன்னும் நடக்கவில்லை.

கோடா, கோடா என்கிறார்களே, அது என்ன?

ஆழ்கடலில் வேட்டையாடும், பெரிய தலை கொண்ட ஸ்பெர்ம் திமிங்கலங்கள் எழுப்புவது பாட்டு அல்ல, 'டக், டக்' என்ற சொடுக்கொலி. ஆங்கிலத்தில் சொல்கிற க்ளிக்தான். இரை தேடும்போது இந்த க்ளிக்குகள் கடிகாரம் போல ஒரே சீராக வரும். எதிரொலியை வைத்து இருட்டில் கணவாயைக் கண்டுபிடிப்பதற்கானவை அவை. கோடா வேறு. சில க்ளிக்குகள் குறிப்பிட்ட இடைவெளிகளில் கோக்கப்பட்டு, ஓரிரு விநாடிக்குள் முடிந்துவிடும் ஒரு சின்னத் தாளக்கட்டு. பெரும்பாலும் மேல்மட்டத்தில், பெண் திமிங்கலங்கள் கூடியிருக்கும்போதும் மூழ்கப் போகும் நேரத்திலும் கேட்கும்.

டொமினிக்காவில் அதிகம் கேட்கும் ஒரு கோடாவை மேசையில் விரலால் தட்டிப் பார்க்கலாம்: ஒரு தட்டு, இடைவெளி, இன்னொரு தட்டு, இடைவெளி, பிறகு வேகமாக மூன்று தட்டுகள். ஆய்வாளர்கள் இதை 1+1+3 என்று எழுதுகிறார்கள். அந்தப் பகுதியின் பெரிய குலத்தில் (பல குடும்பங்கள் சேர்ந்த தொகுதி) உள்ள எல்லாத் திமிங்கலங்களும் இதை ஒரே மாதிரி அடிக்கின்றன. அதனால் இது குலத்தின் அடையாளம் என்று கருதப்படுகிறது.

இந்தக் கோடாக்களை முதலில் முறையாக விவரித்தவர்கள் அமெரிக்காவின் வில்லியம் வாட்கின்ஸும் வில்லியம் ஷெவிலும். ஆண்டு 1977.

பாட்டுப் பாடும் திமிங்கலம் என்று வேறொன்று இருக்கிறதே? அதை ஏன் விட்டுவிட்டார்கள்?

விடவில்லை. உலகம் முதலில் காதலித்தது அதைத்தான். பெர்முடா அருகே அமெரிக்கக் கடற்படைக்காக வேலை பார்த்த ஃபிராங்க் வாட்லிங்டன் பதிவு செய்த ஒலிகளை வைத்து, ரோஜர் பெய்னும் ஸ்காட் மெக்வேயும் கூன்முதுகுத் திமிங்கலங்கள் பாடுகின்றன என்று 1971இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். திரும்பத் திரும்ப வரும் கண்ணிகள், அவற்றுக்கு ஒரு வரிசை, முழுப் பாட்டுக்கு ஒரு வடிவம் என்று எல்லாம் அதில் இருந்தன. திமிங்கல வேட்டைக்கு எதிரான இயக்கத்துக்கு அந்தப் பாட்டு பெரிய பலம் கொடுத்தது. 1977இல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்களின் தங்கத் தட்டிலும் கூன்முதுகுத் திமிங்கலத்தின் குரல் போயிருக்கிறது.

ஆனால் உரையாடலைத் தேடுபவருக்கு இந்தப் பாட்டு சரியான இடம் இல்லை. பாடுவது ஆண் மட்டும். அதுவும் பெரும்பாலும் இனப்பெருக்கக் காலத்தில். ஒரு வட்டாரத்தில் எல்லா ஆண்களும் ஒரே பாட்டைப் பாடும், அது மெல்ல மாறிக்கொண்டே போகும். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் பிடித்த பாட்டு ஓரிரு ஆண்டுகளில் பசிபிக் தீவுகள் வழியாகக் கிழக்கே பரவுவதை எலன் கார்லண்ட் குழு 2011இல் காட்டியது. கலாசாரம் எப்படிப் பரவுகிறது என்று பார்க்க இது அற்புதமான பொருள். ஒன்றுக்கொன்று ஒலித்துக்கொள்ளும் பேச்சு வேண்டுமென்றால் ஸ்பெர்ம் திமிங்கலத்திடம்தான் போக வேண்டும்.

ஸ்பெர்ம் திமிங்கலத்தின் சத்தம் எங்கிருந்து வருகிறது? தொண்டையிலிருந்தா?

மூக்கிலிருந்து. நாவலாசிரியர்கள் அநேகமாகக் கோட்டைவிடும் இடம் இது.

ஸ்பெர்ம் திமிங்கலத்தின் உடல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை தலையே பிடித்துக்கொள்ளும். அந்தத் தலையில் பெரும்பகுதி, மெழுகு போன்ற எண்ணெய் நிரம்பிய ஒரு பெரிய உறுப்பு. அந்த எண்ணெய்க்காகத்தான் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் இவற்றை வேட்டையாடினார்கள். மூக்குத் துளைக்கு உள்ளே, தலையின் முன்பக்க நுனியில், இரண்டு தடித்த உதடுகள் போன்ற சதை இருக்கிறது. அந்தக் காலத்து ஆய்வாளர்கள் அதற்குக் குரங்கு முகவாய் என்று பெயர் வைத்தார்கள். பார்த்தால் அப்படித்தான் இருக்கும். காற்று அதைத் தட்டிவிட்டுப் போகும்போது க்ளிக் பிறக்கிறது.

பிறந்த ஒலி நேராக வெளியே போவதில்லை. முதலில் பின்பக்கமாக எண்ணெய் உறுப்புக்குள் ஓடி, மண்டையோட்டுக்கு முன்னால் உள்ள காற்றுப் பையில் மோதித் திரும்பி, கீழ்ப்பகுதி வழியாக முன்னால் பாய்கிறது. கொஞ்சம் ஒலி உள்ளேயே மறுபடி மறுபடி அலைந்து, ஒரு க்ளிக்குக்குப் பின்னால் வால் போலச் சிறு துடிப்புகளாக வருகிறது. அந்தத் துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்தால் உறுப்பின் நீளம் தெரியும். அதிலிருந்து திமிங்கலம் எத்தனை மீட்டர் என்றும் கணக்குப் போடலாம். ஆளைப் பார்க்காமல் குரலை மட்டும் வைத்து உயரம் சொல்வது துப்பறியும் கதையில் வந்தால் நம்பமாட்டோம். இங்கே அது தினசரி வேலை.

2024இல் 'திமிங்கல எழுத்து வரிசை' கண்டுபிடித்தார்கள் என்று படித்தேன். அது பொய்யா?

பொய் இல்லை. தலைப்பு கொஞ்சம் துள்ளிவிட்டது.

டேவிட் குரூபர் 2020இல் தொடங்கிய திட்டம் ஒன்று இருக்கிறது, பெயர் சீட்டி. ஸ்பெர்ம் திமிங்கலங்களின் பேச்சைப் புரிந்துகொள்வதுதான் அதன் ஒரே நோக்கம். அந்தத் திட்டத்தில் இருந்துகொண்டு, எம்.ஐ.டி.யின் ப்ரத்யுஷா ஷர்மாவும் சக ஆய்வாளர்களும் 2005 முதல் 2018 வரை டொமினிக்காவில் பதிவான 8,719 கோடாக்களை எடுத்து அலசினார்கள். சுமார் 60 திமிங்கலங்களின் குரல்கள். அதற்குமுன் கரீபியனில் 21 வகைக் கோடாக்கள்தான் உண்டு என்று வகைப்படுத்தியிருந்தார்கள்.

ஷர்மா குழு கண்டது இது. ஒவ்வொரு கோடாவிலும் நான்கு விஷயங்கள் தனித்தனியே மாறலாம். க்ளிக்குகள் எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன என்ற தாளம் ஒன்று. அதில் 18 வகை. மொத்தக் கோடாவும் எவ்வளவு நேரம் நீள்கிறது என்ற வேகம் இன்னொன்று. அதில் 5 வகை. அப்புறம், அடுத்தடுத்த கோடாக்களில் அந்த நேரம் நைசாக நீள்வதும் குறுகுவதும். கடைசியாக, முடிவில் சில சமயம் ஒட்டிக்கொள்ளும் ஒரு கூடுதல் க்ளிக். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் 21 அல்ல, 156 தனித்தனிக் கோடாக்கள் தேறுகின்றன.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது மூன்றாவது. ஒரு திமிங்கலம் தன் கோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டு போனால், அதோடு சேர்ந்து ஒலிக்கும் மற்றதும் அதே அளவு நீட்டுகிறது. இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு, நடையைப் பிடித்துக்கொண்டு போகின்றன. வரைபடத்தில் இரண்டு கோடுகள் சேர்ந்து வளைவதைப் பார்த்தாலே தெரியும்.

எழுத்து வரிசை என்று சொல்வதில் என்ன குறை? எழுத்து தெரிந்தால் படிக்கலாம் என்று வாசகர் நினைத்துவிடுகிறார். அந்த 156இல் ஒன்றுக்காவது பொருள் இது என்று அந்தக் கட்டுரை சொல்லவில்லை. பேசக்கூடிய அளவுக்குச் சரக்கு இருக்கிறது என்றுதான் காட்டியது.

உயிரெழுத்துகூட இருக்கிறதாமே?

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த மொழியியலாளர் காஷ்பர் பெகுஷ் குழு சொல்வது அது. க்ளிக்குகளின் நேரத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு க்ளிக்குக்குள்ளும் உள்ள ஒலிநிறத்தைப் பார்த்தார்கள். அது இரண்டு விதமாகப் பிரிகிறது. நம் அ, இ போல என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கட்டுரை 2025இல் வெளியானது. இது திமிங்கலம் வேண்டுமென்றே செய்வதா, கேட்கும் திமிங்கலத்துக்கு அந்த வேறுபாடு பொருட்டா என்ற இரண்டு கேள்விகளுக்கும் இன்னும் வேலை பாக்கி. நாவலில் பயன்படுத்த நல்ல சரக்கு. பாடப்புத்தகத்தில் ஏற்றும் காலம் இன்னும் வரவில்லை.

செயற்கை நுண்ணறிவிடம் எல்லாப் பதிவையும் கொடுத்தால் அதுவே மொழிபெயர்த்துவிடாதா?

நாவல்களில் திருப்புமுனை எப்போதும் இந்த இடத்தில்தான் வருகிறது. யாரோ ஒரு இளைஞர் இரவு முழுக்கக் கணினியை ஓட்டுவார், விடியும்போது திரையில் வார்த்தைகள் ஓடும். இதை நம்பவைக்க மூன்று சிக்கல்களைத் தாண்ட வேண்டும்.

முதலாவது அளவு. 2020இல் வந்த ஜிபிடி-3 என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரி சுமார் 30,000 கோடி சொல்துண்டுகளைப் படித்துப் பயின்றது. டொமினிக்காக் கட்டுரையில் இருந்தவை 8,719 கோடாக்கள். பதிவுகள் பெருகி வருகின்றன. மிதவைகள், உறிஞ்சுகுமிழ் வைத்து முதுகில் ஒட்டும் ஒலிப்பதிவுக் கருவிகள், ட்ரோன்கள் எல்லாம் போட்டிருக்கிறார்கள். என்றாலும் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

இரண்டாவது, அகராதி இல்லாத மொழிபெயர்ப்பு. 2017, 2018 வாக்கில் இரண்டு மொழிகளுக்கு நடுவே ஒரு வாக்கியம்கூடப் பொதுவாகக் கொடுக்காமல் கணினியை மொழிபெயர்க்க வைக்க முடியும் என்று காட்டினார்கள். ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் இடையே அது ஓரளவு வேலை செய்தது. உடனே, சரி, அப்படியானால் திமிங்கலத்துக்கும் செய்யலாமே என்ற ஆசை பிறந்தது. ஆனால் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் அம்மா, சோறு, வீடு, மழை, கடன் எல்லாம் ஒன்று. அதனால் இரண்டு மொழிகளின் சொற்களும் ஒரே வடிவத்தில் அமர்கின்றன. ஆயிரம் மீட்டர் ஆழத்தில் இருட்டில் முக்கால் மணி நேரம் மூச்சடக்கி வேட்டையாடும், கையும் நெருப்பும் வீடும் இல்லாத ஒரு உயிரின் உலகம் நம் உலகத்தோடு அப்படிப் பொருந்தும் என்று எதை வைத்து நம்புவது?

மூன்றாவது சிக்கல்தான் மற்ற இரண்டையும்விடப் பெரியது. பக்கத்து வீட்டுச் சத்தத்தைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து பத்து வருடம் பதிவு செய்தாலும், உள்ளே யார், என்ன செய்துகொண்டிருக்கும்போது எது ஒலித்தது என்று தெரியாவிட்டால் எந்தச் சொல்லுக்கும் பொருள் பிடிபடாது. கணினி திரும்பத் திரும்ப வரும் வடிவங்களைத் தரும். பொருள் வர, பேசியது யார், கேட்டது யார், அடுத்து என்ன நடந்தது என்ற மூன்றும் தெரிய வேண்டும்.

அதை யார் எழுதி வைக்கிறார்கள்?

கடலுக்குப் போகிறவர்கள். கனடாவின் ஷேன் ஜெரோ 2005இல் டொமினிக்கா ஸ்பெர்ம் திமிங்கலத் திட்டத்தைத் தொடங்கினார். அன்றிலிருந்து அதே குடும்பங்களைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்கிறார்கள். அடையாளம் காண்பது வாலை வைத்து. மூழ்கும்போது திமிங்கலம் வாலை நீருக்கு மேல் தூக்கும். அதன் விளிம்பில் உள்ள வெட்டுகளும் பிய்ந்த இடங்களும் ஆளுக்கு ஆள் வேறு. அதைப் படம் எடுத்து, பெயர் வைத்து, யாரோடு யார் இருந்தார்கள் என்று குறிக்கிறார்கள். ஃபிங்கர்ஸ் என்று ஒரு தாய், அவளுடைய மகள் டிஜிட். 2015இல் டிஜிட்டின் வாலில் மீன்பிடிக் கயிறு சுற்றிக்கொண்டது. ஆழத்துக்குப் போக முடியாமல் இளைத்து, பிழைக்காது என்றே எல்லோரும் பயந்தார்கள். சில ஆண்டுகள் அப்படியே இருந்து, 2018 வாக்கில் கயிறு இல்லாமல் தென்பட்டது.

இந்த ஒரு வரலாறு தெரிந்திருந்தால், அந்தக் குடும்பத்தின் கோடாக்களைக் கேட்கும்போது கேட்கத் தோன்றும் கேள்விகளே மாறிவிடும். குட்டிகளால் ஆழத்துக்குப் போக முடியாது. அதனால் பெரியவர்கள் முறைவைத்து மூழ்குகிறார்கள், மேலே யாராவது ஒருத்தி குட்டியோடு இருக்கிறாள். அந்த மாற்றல் நேரத்தில் என்ன ஒலிக்கிறது? தாய்க்கு ஒன்று, சித்திக்கு ஒன்று என்று வேறாக ஒலிக்கிறதா? இப்படிப்பட்ட சின்னக் கேள்விகளில்தான் பொருள் சிக்கும் என்பது என் கட்சி. 2023 ஜூலை 8 அன்று சீட்டி குழு ஒரு பிரசவத்தையே பதிவு செய்தது. 11 திமிங்கலங்கள் சுற்றி நின்றன, பிறந்த குட்டியை மாறி மாறித் தாங்கி நீருக்கு மேல் வைத்திருந்தன. நீருக்கடியில் ஒலிவாங்கி, மேலே ட்ரோன். சுற்றி நின்றவை எவை, தாய்க்கு என்ன உறவு என்பது பழைய குறிப்பேடுகளில் இருந்தது. அந்தக் குறிப்பேடு இல்லாமல் அந்த ஒலிப்பதிவுக்குப் பாதி மதிப்புகூட இருந்திருக்காது.

ஆகவே நாவல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கதாநாயகனைக் கணினி அறையில் உட்கார வைப்பதை நிறுத்துங்கள். படகில் வாந்தி எடுத்துக்கொண்டே வால் படங்களுக்கு எண் போடுகிறவரைக் கொண்டுவாருங்கள்.

உலகம் முழுக்க எல்லா ஸ்பெர்ம் திமிங்கலங்களும் ஒரே மாதிரி பேசுமா?

பேசாது. 2003இல் லூக் ரெண்டலும் ஹால் வைட்ஹெட்டும் பசிபிக்கில் இதைக் காட்டினார்கள். ஒரே கடற்பகுதியில் நீந்தும் குடும்பங்கள்கூட, கோடாக்களை வைத்துப் பார்த்தால் தனித்தனிக் குலங்களாகப் பிரிகின்றன. ஒரு குலத்தார் க்ளிக்குகளைச் சம இடைவெளியில் அடிப்பார்கள். இன்னொரு குலம் கடைசி க்ளிக்குக்கு முன் நிறுத்தம் கொடுக்கும். ஒரு குலத்தார் இன்னொரு குலத்தாரோடு பெரும்பாலும் சேருவதில்லை. குட்டிகள் குலத்தின் கோடாவைச் சரியாக அடிக்கப் பழகச் சில ஆண்டுகள் ஆகின்றன, அதுவரை மழலைதான்.

கதைக்கு இதில் ஒரு வெடிகுண்டு இருக்கிறது. ஒரு குலத்தின் கோடாவைப் பொருள் பிரித்துவிட்டால், அதே அகராதி அடுத்த குலத்துக்குச் செல்லுபடியாகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

திமிங்கலங்கள் முறைவைத்துப் பேசுமா? நாவல்களில் ஒன்று முடித்தபின் மற்றது பேசுகிறதே.

அது நாடக மேடை வழக்கம். ஸ்பெர்ம் திமிங்கலங்கள் பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒலிக்கின்றன, அதுவும் பல சமயம் ஒரே வகைக் கோடாவை. நம் காதுக்குக் குறுக்கே பேசுவது போல இருக்கும். அவற்றுக்கு அதுவே உறவைக் காட்டும் வழியாக இருக்கலாம்.

மனிதர் பேசித் திமிங்கலம் பதில் சொன்னது உண்டா?

2021 ஆகஸ்ட், தென்கிழக்கு அலாஸ்கா. பிரெண்டா மக்கவன், ஃபிரெட் ஷார்ப், லாரன்ஸ் டாயில் ஆகியோர் இருந்த குழு, கூன்முதுகுத் திமிங்கலங்களின் ஓர் அழைப்பொலியை ஒலிபெருக்கி வழியாக நீருக்குள் விட்டது. முந்தைய நாள் ஒரு கூட்டத்திடமிருந்து பதிவு செய்த அழைப்பு அது. ட்வெய்ன் என்று பெயரிடப்பட்ட ஒரு பெண் திமிங்கலம் படகைச் சுற்றி வந்து, சுமார் 20 நிமிடம் பதில் கொடுத்தது. 36 முறை ஒலிபரப்பினார்கள். இவர்கள் இடைவெளி விட்டால் அதுவும் ஏறக்குறைய அதே இடைவெளி விட்டுப் பதில் கொடுத்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பதற்றம் தெரிந்தது, பிறகு விலகிப் போய்விட்டது.

செய்தித்தாள்கள் உரையாடல் என்று எழுதின. கட்டுரையைப் படித்தால் ஒரு சங்கடம் புரியும். ட்வெய்ன் அந்த முந்தைய நாள் கூட்டத்திலேயே இருந்த திமிங்கலம். தன் கூட்டத்தின் குரலை, ஒருவேளை தன் குரலையே, ஒரு படகிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்டால் நமக்கே எரிச்சல் வரும். இவர்கள் என்ன சொன்னார்கள் என்று இவர்களுக்கே தெரியாது என்பது இன்னொரு விஷயம். இந்தக் குழுவுக்குப் பின்னால் இருப்பது வேற்றுக்கிரகவாசிகளைத் தேடும் செட்டி நிறுவனம். அதில் ஒரு நியாயம் உண்டு. நம்மைப் போல இல்லாத ஓர் அறிவோடு பேசுவதற்குப் பழக, கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது இவைதான்.

பழைய காலத்தில் டால்பினுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார்களாமே?

ஜான் லில்லி. 1960களில் அமெரிக்க வர்ஜின் தீவுகளின் செயின்ட் தாமஸில், நாசா கொடுத்த பணத்தோடு. பாதி தண்ணீர் நிரப்பிய வீட்டில் ஒரு பெண் உதவியாளர் ஒரு டால்பினோடு வாரக்கணக்கில் தங்கி ஆங்கில ஒலிகளைப் பழக்கினார். டால்பின் சில ஒலிகளைப் போலச் செய்தது, அதற்கு மேல் போகவில்லை. லில்லி டால்பின்களுக்கு எல்.எஸ்.டி.யும் கொடுத்துப் பார்த்தார். அதன்பின் இந்தத் துறையில் நேர்மையாக வேலை செய்ய வந்தவர்களைப் பல ஆண்டுகள் சந்தேகமாகவே பார்த்தார்கள். எழுத நினைப்பவர்களுக்குத் தயாரான துன்பியல் நாடகம் இது. கற்பனை சேர்க்கவே வேண்டாம்.

யாரும் பதில் சொல்லாத தனிமைத் திமிங்கலம் உண்மையா?

52 ஹெர்ட்ஸ் திமிங்கலம். 1989 முதல் பசிபிக்கில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்காணிக்கும் கடற்படை ஒலிவாங்கிகளில் கேட்ட குரல். வழக்கமான நீலத்திமிங்கலத்தைவிட உயர்ந்த சுருதியில் ஒலித்தது, அவ்வளவுதான். மற்றவற்றுக்குக் கேட்காது என்பதற்கு ஆதாரம் இல்லை. சோகம் நாம் சேர்த்தது.

மொழி இருக்கிறது என்று எண்களை வைத்து நிரூபித்துவிட்டார்களா?

மனித மொழிகளில் ஒரு விதி உண்டு. அதிகம் வரும் சொல், அடுத்ததைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும், மூன்றாவதைப்போல் மூன்று மடங்கு. இன்பால் ஆர்னன், சைமன் கிர்பி, எலன் கார்லண்ட் குழு 2025இல் நியூ கலிடோனியாவின் கூன்முதுகுத் திமிங்கலப் பாட்டில், எட்டு ஆண்டுப் பதிவுகளில், இதே அமைப்பைக் கண்டது. குழந்தைகள் பேச்சோட்டத்தில் சொற்களைப் பிரித்தறியும் முறையைப் பயன்படுத்தித்தான் பாட்டைத் துண்டாக்கினார்கள். கற்றுக்கொள்ள எளிதாக இருப்பவை இப்படி அமையும் என்பது அவர்கள் வாதம். பொருள் இருக்கிறது என்று அவர்களே சொல்லவில்லை.

திமிங்கலங்கள் ஒன்றுக்கொன்று எச்சரித்துக்கொள்ளும் என்பது கட்டுக்கதையா?

இல்லை, நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் அது ஒலிப்பதிவிலிருந்து வரவில்லை. 19ஆம் நூற்றாண்டு வேட்டைக் கப்பல்களின் நாட்குறிப்புகளை வைட்ஹெட், டிம் ஸ்மித், ரெண்டல் மூவரும் எண்ணிப் பார்த்து 2021இல் எழுதினார்கள். வட பசிபிக்கில் வேட்டை தொடங்கிய இரண்டரை ஆண்டுக்குள், ஈட்டி படும் விகிதம் 58 சதவீதம் சரிந்திருக்கிறது. முதலில் வந்த வேட்டைக்காரர்கள் மட்டும் கெட்டிக்காரர்களா என்று பார்த்தால் அப்படியும் இல்லை. அடிபட்டுத் தப்பியவை மட்டும் கற்றுக்கொண்டிருந்தால் இவ்வளவு சீக்கிரம் நடக்காது. ஓர்காக்கள் எனப்படும் கொலைத்திமிங்கலங்கள் வந்தால் வட்டமாக நிற்பது இவற்றின் பழக்கம். ஈட்டிக்காரர்களுக்கு அது வசதியாகப் போய்விடும். அதைக் கைவிட்டு, காற்று வீசும் திசைக்கு எதிரே தப்பிக்கப் பழகின என்று தெரிகிறது. பாய்மரப் படகால் அந்தப் பக்கம் துரத்த முடியாது.

நம் கடல் பக்கம் ஏதாவது உண்டா?

திருகோணமலைக்கு வெளியே கடல் சட்டென்று ஆழமாகிவிடும். ஸ்பெர்ம் திமிங்கலங்களும் நீலத்திமிங்கலங்களும் கரைக்குப் பக்கத்திலேயே தென்படும். 1980களின் தொடக்கத்தில் துலிப் என்ற பாய்மரப் படகில் ஹால் வைட்ஹெட் உள்ளிட்டோர் இங்கே வந்து ஸ்பெர்ம் திமிங்கலங்களைப் பின்தொடர்ந்தார்கள். இலங்கைப் பக்கத்து நீலத்திமிங்கலங்களுக்குத் தனிப் பாட்டு வகையே உண்டு. தெற்கே மிரிஸ்ஸாவுக்கு வெளியே உலகின் நெரிசலான கப்பல் தடங்களில் ஒன்று போகிறது. மோதல்களைக் குறைக்க எம்.எஸ்.சி. கப்பல் நிறுவனம் 2022இல் தன் கப்பல்களைத் தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது.

தமிழ்நாட்டில் என்றால் மணப்பாடு. 2016 ஜனவரியில் 80க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் அந்தக் கரையில் ஒதுங்கின. மீனவர்கள் இழுத்துப் போய்க் கடலில் விட்டும் பல திரும்பி வந்தன. 1973இலும் அதே கரையில் 147 ஒதுங்கியிருக்கின்றன. கூட்டத்தைவிட்டுப் பிரியாத இனம் என்பதால் ஒன்று மாட்டினால் மற்றவையும் வரும் என்பது ஒரு விளக்கம். அந்த நேரம் அவை என்ன ஒலித்தன என்று பதிவு செய்ய அங்கே ஒரு ஒலிவாங்கி இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

பேசத் தெரிந்துவிட்டால் பேசலாமா?

கொஞ்சம் பொறுக்கலாம். ஒரு குலத்தின் அடையாளக் கோடாவை ஒலிபெருக்கியில் ஊதி, கூட்டத்தைக் கூட்டவும் கலைக்கவும் முடிந்தால், அதை முதலில் வாங்குகிறவர் கவிஞராக இருக்கமாட்டார். இப்போதைக்கு நாம் செய்யக்கூடிய உதவி சத்தத்தைக் குறைப்பது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் கப்பல்கள் குறைந்து, நீருக்கடிச் சத்தம் 6 டெசிபல் இறங்கியது. அங்கிருந்த ரைட் திமிங்கலங்களின் சாணத்தில் மன அழுத்த ஹார்மோனும் இறங்கியது. டொமினிக்கா 2023இல் தன் மேற்குக் கரையில் சுமார் 800 சதுர கிலோமீட்டரை ஸ்பெர்ம் திமிங்கலங்களுக்கென ஒதுக்குவதாக அறிவித்தது.

இதற்குப் பரிசு எதாவது அறிவித்திருக்கிறார்களா?

கோலர்-டூலிட்டில் பரிசு. விலங்கோடு இருவழிப் பேச்சை உண்மையாகவே சாதிப்பவருக்குப் பெரும்பரிசு. அதை யாரும் வாங்கவில்லை. 2025இல் முதல் ஆண்டுப் பரிசான ஒரு லட்சம் டாலர், ஃபுளோரிடாவின் சரசோட்டா டால்பின்களைப் பல ஆண்டுகளாகப் பின்தொடரும் லைலா சயீக் குழுவுக்குப் போனது. மறுபடியும் குறிப்பேட்டுக்காரர்கள்தான்.

நேரடியாகக் கேட்க வழி உண்டா?

உண்டு. கலிஃபோர்னியாவின் மான்டரே வளைகுடாவில் சுமார் 900 மீட்டர் ஆழத்தில் உள்ள ஒலிவாங்கியை இணையத்தில் நேரலையாகவே கேட்கலாம். ஓர்காவுக்கு என்றால் ஆர்கசவுண்ட் என்ற வலைப்பின்னல். இயர்ஃபோன் கட்டாயம் வேண்டும், ஃபோன் ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிகள் வரவே வராது. பெரும்பாலான நேரம் கப்பல் எஞ்சின் இரைச்சல்தான் கேட்கும், அதனால் பின்னணியில் ஓடவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கலாம். நீலத்திமிங்கலப் பதிவு என்று தெளிவாக ஒலிக்கும் எதையாவது கேட்டால், விவரக்குறிப்பில் எத்தனை மடங்கு வேகம் கூட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். உண்மையான வேகத்தில் அதில் பெரும்பகுதி நம் காதுக்கு எட்டாது.